சத்தம் போடாத பெட்டி

கர்ட்டன் அக்காவிடம் ஒரு முறை "முடியாது" என்று சொல்லிப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை சொல்வதில்லை. சண்டைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். சண்டையே போடமாட்டாள். எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கழுத்தில் தொங்கும் அளவு டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, "சரிங்க, முடியாது. ஏன் முடியாது, அத மட்டும் சொல்லுங்க" என்பாள். காரணம் சொன்னால் அதற்கும் ஒரு ஏன். அந்த ஏனுக்குப் பதில் சொன்னால் அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியில் முடியாது என்றவரே முடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவார்.

வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து, துணி வெட்டித் தைத்து, சுவரில் துளை போட்டுக் கம்பி மாட்டி, திரையைத் தொங்கவிட்டு வருவது அவள் தொழில். ஸ்கூட்டரின் காலடியில் டிரில் மிஷின், பின்னால் துணி மூட்டை. இப்படித்தான் கர்ட்டன் அக்கா என்ற பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். எல்லோருக்கும் மாஸ்டர். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கும் ஆளைக்கூட வெறும் குரலாலேயே ஓட்ட வைத்துவிடுவார். "ஒரு அவசரமும் இல்ல. ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும், அது அவன் பொழப்பு. நீங்க கிளட்ச்ச விடுங்க. இன்னும் கொஞ்சம். பாத்தீங்களா, வண்டி உங்க பேச்சக் கேக்குது" என்று அவர் சொல்லச் சொல்ல, படிக்க வந்தவருக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடும்.

காருக்குள்தான் இந்தச் சாந்தம். வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் மனுஷன் வேறு. டீ ஆறிப்போனால் ஒரு நையாண்டி, சூடாக இருந்தால் அதற்கும் ஒன்று. அவள் புதுச் செருப்பு வாங்கினால் அதற்கு மூன்று நாளைக்குக் கிண்டல். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இவர்கள் பேச்சைக் கேட்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பொய்யாக இருக்காது.

அந்தக் குரல் கரகரக்க ஆரம்பித்தபோது தொண்டைக் கட்டு என்று மிட்டாய் சப்பினார். பிறகு சிரப். பிறகு அவள் வற்புறுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். குழாயை விட்டுப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கட்டி. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். எடுத்த பிறகு அவரால் பேச முடியாது. அடுத்த மாதத் தொடக்கத்தில் ஆபரேஷன்.

"ஏன்?" என்று அக்கா கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டது அதுவே முதல் தடவை.

அதே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருந்தாள். அவள்தான் ஒரு வழி சொன்னாள். "இப்பவே சார் பேசறதப் பதிவு பண்ணி வச்சுட்டா, கம்ப்யூட்டர் அந்தக் குரலக் கத்துக்கும்மா. அப்புறம் சார் டைப் அடிச்சா, அது சார் குரல்லயே பேசும்."

அக்காவின் கை தானாக டேப்பைத் தேடியது. "போன்ல பதிவு பண்ணினா போதுமா?"

"போதாது. நல்ல மைக்கக் கம்ப்யூட்டர்ல மாட்டணும். நாங்க தர்ற புரோகிராம் வரிக்கு வரி கேட்டுப் பாத்துத்தான் ஏத்துக்கும். பின்னாடி ஃபேன் சத்தம், ரோட்டுச் சத்தம் எதுவும் வரக் கூடாது. வந்தா அந்தச் சத்தத்தையும் சார் குரல்னு நெனச்சுக் கத்துக்கும்."

"கத்துக்கறதுக்கு எந்த மாதிரிக் கம்ப்யூட்டர் வேணும்?"

"கொஞ்சம் நல்லதா வேணும். நாள் கணக்கா ஓடும். அது கஷ்டம்னா வெளிய ஒரு கம்பெனிக்கு அனுப்பிடலாம், அவங்க செஞ்சு தருவாங்க."

"வெளியவா?" அக்கா எழுந்தே விட்டாள். "துணியத் தைக்கக் குடுக்கற மாதிரி அவர் குரல எவன்கிட்டயோ குடுத்துட்டு வரச் சொல்றியாம்மா? அது எங்க வீட்டுலதான் இருக்கும்."

அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. திரைகளின் வடிவங்களை வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வாங்கியது. கிளப்பினால் மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி கடகடக்கும். ஆக, புதிது வாங்க வேண்டும். வேகமாக வேலை செய்ய வேண்டும், ஆனால் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அக்காவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது இந்த இரண்டு வரிதான். அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் கொழுந்தனைக் கூப்பிட்டாள். மாஸ்டரின் தம்பி. பகலில் மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன், மாலையில் கம்ப்யூட்டர் விளையாட்டில் முகம் தெரியாத ஆட்களைச் சுட்டுத் தள்ளுபவன். அண்ணி கேட்டாளே என்று துள்ளிக்கொண்டு வந்தான்.

"எடுக்கறதே எடுக்கறீங்க, பெரிசா எடுத்துருங்க அண்ணி. பதினாறு கோர் ப்ராசசர் ஒண்ணு வந்திருக்கு. சும்மா பறக்கும்."

"கோர்னா என்ன தம்பி?"

"ஒரு ப்ராசசருக்குள்ள பதினாறு பேர் உக்காந்து ஒரே நேரத்துல வேலை பாக்கற மாதிரின்னு வச்சுக்குங்களேன்."

"அத்தன பேர் ஒரே ரூம்ல உக்காந்தா சூடாகாதா?"

"ஆகும். அதுக்குத்தான் மூணு ஃபேன் வைக்கறது. கலர் கலரா லைட்டு வேற எரியும்."

"மூணு ஃபேனும் சத்தம் போடாம சுத்துமா?"

அந்தக் கேள்வியைக் கொழுந்தனிடம் யாரும் கேட்டதில்லை. அவன் விளையாட்டில் எப்போதும் துப்பாக்கிச் சத்தம், அதற்கு மேல் ஃபேன் சத்தமாவது ஒன்றாவது!

அன்றிலிருந்து அக்கா ப்ராசசர் பைத்தியம் ஆனாள். திரை மாட்டப் போன வீடுகளில் கம்ப்யூட்டரைக் கண்டால் அதன் அருகே போய்க் காதை வைத்துக் கேட்டாள். "இதுக்குள்ள என்ன ப்ராசசர்ங்க? வேலை பாக்கறப்போ சூடாகுமா?" ஜன்னலை அளக்க வந்தவள் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறாளே என்று வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டுக் கேட்டு விஷயம் பிடிபட்டது. கோர் கூடினால் வேலை சீக்கிரம் முடியும், சூடும் கூடும். சூடு கூடினால் ஃபேன் வேகமாகச் சுற்றும். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றிக் கத்துவதைவிடப் பெரிய ஃபேன் மெல்லச் சுற்றினால் சத்தம் வராது. ஆக, எட்டு கோர் போதும், ஆனால் சூடு அதிகம் ஆகாத ஜாதி வேண்டும், அதன் தலையில் பெரிதாக ஒரே ஒரு ஃபேன் வேண்டும். நினைவகமான ராம் தாராளமாக இருக்கட்டும். பழைய சுற்றுகிற டிஸ்க் கூடாது, அது முனகும். பவர் சப்ளையும் வாய் திறக்காததாக இருக்க வேண்டும்.

"அண்ணி, இவ்வளவும் நீங்களே பிடிச்சீங்களா?" என்றான் கொழுந்தன். கலர் லைட்டு கிடையாது என்று தெரிந்ததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். மறுநாள் அவனால் லீவு போட முடியவில்லை. அக்கா தனியாகவே கடைக்குப் போனாள். எல்லாம் தெரிந்தாகிவிட்டதே, துணைக்கு ஆள் எதற்கு?

கடைக்காரர் பொறுமைசாலி. அவள் சொன்ன ப்ராசசரின் இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரே பெயர், ஒரே எண், ஒன்றில் மட்டும் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"இதுக்குள்ள கிராபிக்ஸ் இருக்குக்கா, படம் காட்டற பாகம். கடைசியில எழுத்து கூடுதலா இருக்கே, அதுல அது கிடையாது. உங்ககிட்ட தனியா கிராபிக்ஸ் கார்டு இருக்கா?"

அக்கா மனதுக்குள் தராசைத் தூக்கினாள். படம் காட்டும் பாகம் என்றால் அதுவும் சூடாகும். தனக்கு வேண்டியது குரல். சினிமா பார்க்கவா வாங்குகிறாள்? இவர் இப்போது தனியாக ஒரு கார்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார், வேறென்ன.

"எங்களுக்குப் படம் எல்லாம் வேண்டாங்க. சத்தம்தான் வேணும்."

"இல்லக்கா, படம்னு நான் சொல்றது..."

"எல்லாம் இருக்குங்க எங்ககிட்ட. இந்தப் படம் இல்லாததயே குடுங்க." அளவு டேப் விரலில் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

விடுமுறை நாளில் கொழுந்தன் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினான். சாப்பாட்டு மேஜையில் அக்கா பழைய வெல்வெட் துணியை விரித்துக் கொடுத்தாள், திருகாணி எதுவும் உருண்டு ஓடாமல் இருக்க. ப்ராசசரைப் பலகையில் அமர்த்தி, மேலே துளியூண்டு பசையை வைத்து, அவள் தேடித் தேடி வாங்கிய பெரிய ஃபேனைப் பூட்டினான். மாஸ்டர் சோபாவில் கழுத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்விட்சைப் போட்டார்கள். சின்ன விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. அக்கா பெட்டியின்மேல் காதை வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை! "கேளுங்க, கேளுங்களேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஸ்கிரீன் இருட்டாகவே இருந்தது.

வயரைக் கழற்றி மாட்டினான் கொழுந்தன். ராமைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினான். பழைய ஸ்கிரீனை மாட்டிப் பார்த்தான். கடைசியில் ப்ராசசர் வந்த காலி அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்தான். அதில் இருந்த அந்த ஓர் எழுத்தைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான்.

"அண்ணி... இதுல படம் வர்ற பாகமே இல்லியே."

"ஆமா. நமக்குப் படம் எதுக்குன்னு நான்தான் வேண்டாம்னேன்."

"அண்ணி, எழுத்தும் படந்தான். மவுஸோட அம்புக்குறியும் படந்தான். ஸ்கிரீன்ல எது தெரிஞ்சாலும் அதுக்குப் பேர் படந்தான்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. திரை தைப்பவள், ஜன்னலே இல்லாத சுவருக்குத் திரை தைத்தது போல ஆகிவிட்டது. அவள் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது ஆரம்பிப்பார். இதை வைத்து ஒரு வருஷத்துக்கு ஓட்டுவார். ஓட்டட்டும், தனக்கு வேண்டியதுதான்.

மாஸ்டர் கரகரத்த குரலில், "பரவாயில்லம்மா. யாருக்கும் வர்ற தப்புதான். நீ கஷ்டப்படாத" என்றார்.

டீ ஆறினாலே நையாண்டி பண்ணுகிறவரா இது? ப்ராசசர் தப்பாகிப் போனதற்குக்கூட அவள் இப்படிக் கலங்கவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அங்கே நின்றாள். "நான் அன்னிக்கே கேட்டேன்லக்கா?" என்றார் கடைக்காரர்.

"கேட்டீங்க. நான்தான் உங்கள வாயத் தொறக்க விடல. இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லுங்க."

பிரித்த ப்ராசசரைத் திரும்ப எடுக்க முடியாது. இருந்த மற்றதும் விற்றுப்போய்விட்டது. புதிதாக வர வைத்தால் ஆபரேஷனுக்குப் பிறகுதான் வரும். ஃபேன் இல்லாத கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு, அதுவும் கையிருப்பில் இல்லை. அக்காவின் ஏன்களுக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்துப்போய், கடைக்காரர் உள்ளே போய்த் தூசி படிந்த ஒரு பழைய கார்டை எடுத்து வந்தார். "படம் வரும்க்கா. ஆனா இதோட ஃபேன் கொஞ்சம் கத்தும்."

கொஞ்சமா! பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய் அதை மாட்டினதும் ஸ்கிரீன் பளிச்சென்று வந்தது, கூடவே கொசுக்கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரமும் வந்தது. மாஸ்டர் மைக்கின் முன்னால் உட்கார்ந்து ஒரு வரி சொன்னார். புரோகிராம் சிவப்பைக் காட்டியது. இன்னொரு வரி. அதற்கும் சிவப்பு. போர்வையைப் போட்டு மூடலாமா என்று அக்கா கேட்டாள். வெந்துவிடும் என்றான் கொழுந்தன். ஃபேனைப் பிடுங்கிவிடலாமா என்றாள். அப்போது இன்னும் சீக்கிரம் வெந்துவிடும் என்றான். மாஸ்டர் அதற்குள் இருமி இருமி ஓய்ந்துபோனார். சொல்லும் ஒவ்வொரு வரியும் அந்தத் தொண்டையிலிருந்துதான் வர வேண்டும், வீணடிக்க அதில் மிச்சம் எதுவும் இல்லை.

அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டேப்பைச் சுற்றினாள், அவிழ்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், இரண்டுக்கும் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை.

"தம்பி, இந்தப் பெட்டியும் இவரும் ஒரே ரூம்ல இருக்கணும்னு யாராவது சொன்னாங்களா?"

கொழுந்தன் யோசித்தான். "யாரும்... சொல்லல அண்ணி."

"அப்ப இத்தன நாளா எதுக்குடா நான் ஊர்ல இருக்கற கம்ப்யூட்டருக்கெல்லாம் காத வச்சுக் கேட்டுட்டு அலைஞ்சேன்!"

எழுந்து போய் டிரில் மிஷினைக் கொண்டுவந்தாள். "வாடகை வீடு அண்ணி, வீட்டு ஓனர் பாத்தா?" என்றான் கொழுந்தன். "கர்ட்டன் கம்பிக்குன்னு சொல்லிக்கறேன், பிடி" என்று வயரை அவன் கையில் கொடுத்தாள். டம்ளர் அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. பெட்டி சமையலறை அலமாரிக்குப் போனது. ஸ்கிரீன், மவுஸ், மைக், எல்லாவற்றுக்கும் நீள வயர் வாங்கி ஓட்டை வழியாக இந்தப் பக்கம் இழுத்தார்கள். மிச்ச இடைவெளியில் துணி வெட்டிய துண்டுகளைத் திணித்தாள். படுக்கையறையில் எதிரொலி இருந்தது. அது தன் சொந்த வித்தை அல்லவா, யாரிடமும் கேட்கவில்லை. ஒரு ஹோட்டலுக்குத் தைத்து மீந்த கனமான வெல்வெட்டை நான்கு சுவரிலும் தொங்கவிட்டாள். அறை அமைதியாகிவிட்டது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நன்றி" என்றார் மாஸ்டர்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பதிவு தொடங்கியது. புரோகிராம் காட்டும் வரிகளை மாஸ்டர் படிக்க வேண்டும். "இன்று வானம் தெளிவாக இருக்கிறது." பச்சை. "அருங்காட்சியகம் எந்த நேரத்தில் திறக்கப்படும்?" பச்சை. கொஞ்சம் படிப்பார், வெந்நீர் குடிப்பார், கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார், பிறகு மறுபடி நிமிர்வார். நாளுக்கு நாள் குரல் மெலிந்துகொண்டே வந்தது. போதும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஜன்னல்கள் காத்திருக்கட்டும்.

ஒரு மாலையில் அதுவரை பதிவானதை அவள் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். சுத்தமாக இருந்தது. பின்னால் ஒரு சின்ன முனகல்கூட இல்லை. வரிக்கு வரி பச்சை. கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"யாருங்க இது?"

"நான்தாம்மா."

"இல்ல. இந்த ஆள எனக்குத் தெரியாது. யாரோ நியூஸ் வாசிக்கிறவர் மாதிரி இருக்கு."

"மிஷின் ஒத்துக்கிச்சே."

"மிஷினா உங்ககூடக் குடித்தனம் பண்ணுது?" அக்காவுக்குக் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "டாக்டரப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து ஒரு வார்த்த என்னத் திட்டல. ஒரு கிண்டல் இல்ல. படம் வேண்டாம்னு ப்ராசசர் வாங்கிட்டு வந்து நிக்கறேன், பரவாயில்லம்மாங்கறீங்க. நன்றிங்கறீங்க! எனக்கு நன்றி சொல்ற ஆளா நீங்க?"

"இருக்கறது கொஞ்ச நாள். அது வரைக்கும் உங்கிட்ட நல்லபடியாப் பேசிட்டுப் போயிடலாம்னு பாத்தேன்" என்றார் மாஸ்டர்.

"எங்க போறீங்க? குரல்தான் போகுது, நீங்க இங்கதான் இருக்கப் போறீங்க. என்கூட. இந்தப் பெட்டி காலம் பூராவும் நன்றிம்மா, பரவாயில்லம்மான்னுட்டு இருந்தா நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கறது?"

"சுவத்துல எதுக்கு முட்டிக்கற?" என்றார் மாஸ்டர். "அதான் பெரிசா ஓட்ட போட்டு வச்சிருக்கியே. அதுல தலைய விட்டுக்கோ."

அக்கா சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அந்தப் புரோகிராமில் நம் சொந்த வரிகளையும் சேர்க்கலாம் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். அவசரமாக மவுஸைத் தேடி அந்த இடத்தைத் திறந்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க. மைக்கப் பாத்து. அப்படியே."

சொன்னார். பச்சை விழுந்தது. அப்புறம் மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. அத்தனை நாளும் உள்ளே அடைத்து வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. கம்ப்யூட்டர் வாங்கப் போய் ரேடியோ வாங்கி வந்த மகராசி என்றார். சினிமா தியேட்டர் மாதிரி நாலு சுவருக்கும் வெல்வெட் மாட்டியிருக்கிறாயே, இடைவேளைக்கு மணி யார் அடிப்பது என்றார். அவள் போடும் டீயை, அவள் ஸ்கூட்டர் நிறுத்தும் அழகை, அவள் குறட்டையை, எதையும் விடவில்லை. நடுநடுவே இருமல் வந்து குனிய வைத்தது. வெந்நீரைக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எங்க விட்டேன்?" என்று கேட்டார். அவளைக் கூப்பிடுவது, அதட்டுவது, சாவியைக் காணோம் என்று கத்துவது, சமாதானம் பண்ணுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி வாங்கினாள். பதிலுக்குத் திட்ட நாக்கு துறுதுறுத்தது, பதிவு கெட்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு நேரம் எதிர்த்துப் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் வரை பதிவு செய்தார்கள். கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. அவளே போதும் என்றாள்.

அவர் ஆபரேஷன் அறைக்குள் போன அன்று, வீட்டில் பெட்டி அவர் குரலைக் கற்றுக்கொள்ளக் கணக்குப் போட ஆரம்பித்தது. எட்டு கோரும் ஒன்றாக உழைத்தன. அக்கா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடினாள். வீட்டுக்கு வந்தால் முதலில் சமையலறைக்குள் போய்ப் பெட்டியின் முதுகில் கை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பது போல. அங்கே கார்டின் ஃபேன் கொசுவாகக் கத்திக்கொண்டிருக்கும். இப்போது அது எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும். சூடு ஏறக் கூடாதே என்று அடுப்பையே பற்றவைக்காமல் ரொட்டி தின்று ஓட்டினாள். கொழுந்தன் சிரித்தான். சிரிக்கட்டும்.

மாஸ்டர் கழுத்தில் கட்டோடு வீடு வந்தார். ஆள் இளைத்திருந்தார், ஆனால் டாக்டர் முகத்தில் தெளிவு இருந்தது. பெட்டியும் வேலையை முடித்திருந்தது. கொழுந்தன் படுக்கையறையில் ஸ்பீக்கரை மாட்டி, கீபோர்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "அண்ணா, டைப் அடிச்சு இந்தப் பட்டனத் தட்டினாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாஸ்டர் தட்டவில்லை. கீபோர்டைத் தொடக்கூட இல்லை. தாளில் எழுதிக் காட்டினார், கையைத் தட்டிக் கூப்பிட்டார். ஒரு நாள் போனது, இன்னொரு நாளும் போனது. அந்தக் குரல் சரியாக வரவில்லை என்றால் என்ன செய்வது என்ற பயம். அவர் எழுதிக் காட்டவில்லை, ஆனாலும் அக்காவுக்குத் தெரிந்தது. ஏனென்றால் அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. உலகத்தையே ஏன் ஏன் என்று குடைபவள், இதையும் கேட்கவில்லை. வெளியறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, காத்துக் கிடந்த வேலைகளை ஒவ்வொன்றாக முடிக்க ஆரம்பித்தாள்.

ஒரு முற்பகல். நீளமான திரைக்கு அடி மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடும் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. படுக்கையறையில் கைதட்டியிருக்கிறார், அதுவும் கேட்கவில்லை.

"இந்தாம்மா! மனுஷன் எவ்வளவு நேரமாக் கூப்பிடறது? காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?"

"இருங்க, வரேன்! எதுக்கு இப்படிக் கத்தறீங்க?" என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள். மடிப்பைக் கடைசி வரை ஓட்டி முடித்தாள். துணியைத் திருப்பி நூலை வெட்டினாள். பாபினில் நூல் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கத்தரிக்கோலைப் போட்டது போட்டபடி படுக்கையறைக்கு ஓடினாள்.